ஆறு பேருக்கு மூன்று வகைப் பாஸ்: ஒரு சுவிஸ் மலைப் பயணம்

பின்னணி

திருச்சியைச் சேர்ந்த குடும்பம். கணவன், மனைவி இருவரும் நாற்பதுகளில். மகளுக்கு அப்போதுதான் 16 வயது நிறைந்திருந்தது, மகனுக்கு 12. கூடவே கணவனின் அப்பாவும் அம்மாவும். தாத்தாவுக்கு எழுபது வயது. பயணத்துக்கு முந்தைய வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் சிரமம்.

2024 மே மாதக் கடைசியில் எட்டு இரவுகள் சுவிட்சர்லாந்தில் தங்குவதாகத் திட்டம். விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஹோட்டல்கள் ரத்து செய்யக்கூடிய முறையில் பதிவாகியிருந்தன. ரயில் பாஸ் மட்டும்தான் பாக்கி. ஒரு பயண முகவர் எல்லோருக்கும் ஒரே பாஸைப் பரிந்துரைத்திருந்தார். தொகையைப் பார்த்துத் தயங்கிய குடும்பம், வாங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி திட்டத்தை என்னிடம் கொடுத்தது.

இங்கே வரும் கட்டணங்கள் எல்லாம் 2024-ல் இருந்த இரண்டாம் வகுப்புக் கட்டணங்கள். பாஸ் விலைகளை அன்று இருந்தபடியே தந்திருக்கிறேன். தனி டிக்கெட்டுகளின் விலையைச் சுற்று எண்ணில் தந்திருக்கிறேன். சுவிஸ் நாணயமான பிராங்க் ஒன்று அப்போது 90 ரூபாயைத் தாண்டியிருந்தது.

முதல் திட்டத்தில் இருந்தவை

சூரிக்கில் ஓர் இரவு, லூசெர்னில் இரண்டு, இன்டர்லாக்கனில் இரண்டு, செர்மாட்டில் இரண்டு, அங்கிருந்து கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலில் செயின்ட் மோரிட்ஸ் போய் ஓர் இரவு, பிறகு விமான நிலையம். ஐந்து ஊர், ஐந்து முறை பெட்டி கட்டுதல். ஆறு பேருக்கும் 8 நாள் சுவிஸ் டிராவல் பாஸ். பக்கத்தில் ஒரு குறிப்பு: “எல்லா ரயிலும் இலவசம்.”

இந்தக் குறிப்புதான் முதலில் கண்ணில் பட்டது. சுவிஸ் டிராவல் பாஸ் நல்ல பாஸ், அதில் சந்தேகமில்லை. நாட்டின் சாதாரண ரயில்கள், அஞ்சல் பேருந்துகள், ஏரிப் படகுகள், ஊருக்குள் ஓடும் பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் தனியாக டிக்கெட் எடுக்காமல் ஏறலாம். ஆனால் மலை ஏறும் ரயில்களும் கேபிள் கார்களும் வேறு கணக்கு. ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் போன்ற சில மலைகள் பாஸிலேயே அடங்கிவிடும். செர்மாட்டிலிருந்து 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கோர்னர்கிராட் ரயிலில் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். எல்லோரும் ஆசைப்படும் யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலை நிலையத்துக்கு, வழியில் உள்ள கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான் பாஸ் செல்லும். அதற்கு மேல் வெறும் 25 சதவீதத் தள்ளுபடி. கிளேசியர் எக்ஸ்பிரஸில் பயணக் கட்டணம் பாஸில் அடங்கும், ஆனால் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். இந்தக் குடும்பம் போக நினைத்த பெரிய இடங்கள் மூன்றுமே “இலவசம்” என்ற சொல்லுக்கு வெளியே இருந்தன.

அடுத்தது நாள் கணக்கு. எட்டு இரவு என்றால் ஒன்பது நாள். இந்தப் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கும். முதல் நாள் சூரிக்கில் இறங்கியதும் தொடங்கினால், ஒன்பதாம் நாள் விமான நிலையம் போகும் பயணம் பாஸுக்கு வெளியே விழும். முகவரின் தாளில் அந்த நாளுக்கு எந்த டிக்கெட்டும் இல்லை.

மகனுக்கும் பாஸ் எழுதியிருந்தார்கள். அது தேவையே இல்லை. 6 வயது முதல் 16 நிறையும் வரையுள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவரிடம் பாஸோ அரைக் கட்டண அட்டையோ இருந்தால், சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசமாகவே தருகிறார்கள். அதை வைத்துப் பெற்றோருடன் கட்டணமின்றிப் போகலாம். மகள் அந்த வயதைச் சில வாரங்களில் தாண்டிவிட்டாள். அவளுக்கு ஃபேமிலி கார்டு கிடையாது; ஆனால் 16 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்கான இளைஞர் பாஸ் சுமார் 30 சதவீதம் குறைவு.

கடைசியாகத் தாத்தா. யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பள்ளத்தாக்கிலிருந்து ஓரிரண்டு மணி நேரத்தில் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள், உடம்பு பழக அவகாசம் கிடையாது. ஆறு பேருக்கும் யுங்ஃப்ராவ்யோக் என்று எழுதியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. தாத்தாவின் இதய மருத்துவரிடம் கேட்கும்படி முதல் வேலையாகச் சொன்னேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். தாத்தா வருத்தப்படவில்லை. “நீங்க போயிட்டு வாங்க, நாங்க கீழயே இருந்துக்கிறோம்” என்றார்.

இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கீழே இருக்கும் அந்த நாளில் அவர்கள் என்ன செய்வார்கள்? ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருப்பதற்காகவா திருச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறார்கள்? அதன்பின் எடுத்த முடிவுகளில் பாதி இந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

மே மாதம் என்ற சிக்கல்

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. ஆல்ப்ஸ் மலைகளின் கோடைக்காலம் ஜூனுக்குப் பிறகுதான் சரியாகத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள். உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். மழையும் மேகமும் அதிகம். தகவல் தாள்களில் இருக்கும் படங்கள் எல்லாம் ஜூலை, ஆகஸ்டில் எடுத்தவை.

இதனால் இரண்டு விஷயங்கள் தீர்மானமாயின. பெர்னர் ஓபர்லாந்து பாஸ், யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ் ஆகிய வட்டாரப் பாஸ்களைக் கணக்கிலிருந்து விலக்கினோம். இன்டர்லாக்கனைச் சுற்றியுள்ள பகுதியின் பல மலை ரயில்களும் கேபிள் கார்களும் அவற்றில் அடங்கும். கோடையில் ஒரே பள்ளத்தாக்கில் தங்கி தினமும் ஒரு மலை ஏறுபவர்களுக்கு அவை பொருத்தமானவை. ஆனால் பாதி மலைகளில் பனி உருகாதபோது அந்த விலையைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, எந்த மலைக்கு எந்த நாள் என்று ஊரிலிருந்தே தேதி குறிக்கக் கூடாது. குடும்பத்துக்கு இது கடினமாக இருந்தது. நம் ஊரில் ரயில் என்றாலே முன்பதிவு (அப்போது நான்கு மாதம் முன்பே), காத்திருப்புப் பட்டியல், தட்கல் என்று பழகிவிட்டோம். “அன்னைக்குப் போய் டிக்கெட் கிடைக்கலைன்னா?” என்று மனைவி திரும்பத் திரும்பக் கேட்டார். சுவிட்சர்லாந்தின் சாதாரண ரயில்களில் இருக்கை எண் கிடையாது. டிக்கெட் தீர்ந்துபோவது என்ற பேச்சும் இல்லை. பெரும்பாலான தடங்களில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு ரயில், ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வரும். ஒன்றை விட்டால் அடுத்தது. முன்பதிவு தேவைப்படுவது கிளேசியர் எக்ஸ்பிரஸ் போன்ற சுற்றுலா ரயில்களுக்கும், கூட்டம் மிகும் பருவத்தில் யுங்ஃப்ராவ்யோக் ஏறும் கடைசிக் கட்டத்துக்கும்தான். யுங்ஃப்ராவ்யோக் இருக்கையை முந்தைய நாள்கூடப் பதிவு செய்துகொள்ளலாம், ஒருவருக்கு 10 பிராங்க். இதை அவர் நம்புவதற்குப் பல உரையாடல்கள் ஆயின.

பாஸ் கணக்கு

போட்டி இரண்டு பாஸ்களுக்கு இடையில்தான். 8 நாள் சுவிஸ் டிராவல் பாஸ் 419 பிராங்க், இளைஞருக்கு 300-க்குச் சற்றுக் கீழே. சுவிஸ் ஹாஃப் ஃபேர் கார்டு, அதாவது அரைக் கட்டண அட்டை, 120 பிராங்க். ஒரு மாதம் செல்லும். ஏறக்குறைய எல்லா ரயில், பேருந்து, படகுகளிலும், யுங்ஃப்ராவ்யோக் உட்பட மலை ரயில்களிலும் பாதி விலை. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் அதில் உள்ள வேலை.

முதலில் தங்கும் இடங்களை இரண்டாகக் குறைத்தோம். இன்டர்லாக்கனுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரான லவுட்டர்புருன்னனில் ஐந்து இரவு, லூசெர்னில் மூன்று. செர்மாட்டை வானம் தெளிந்தால் ஒரு நாள் போய் வரும் இடமாக வைத்தோம்; ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், ஆனாலும் பெட்டி தூக்க வேண்டாம். கிளேசியர் எக்ஸ்பிரஸை எடுத்துவிட்டோம். எட்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்வது பாட்டியின் முழங்காலுக்கு ஆகாது. மேகம் மூடிவிட்டால் அந்த முன்பதிவுப் பணத்துக்குப் பலனும் இல்லை.

பெற்றோருக்கான கணக்கு: அட்டை 120, விமான நிலையம், லவுட்டர்புருன்னன், லூசெர்ன், மறுபடி விமான நிலையம் என்ற ஊர்ப் பயணங்கள் பாதி விலையில் சுமார் 80, யுங்ஃப்ராவ்யோக் இருக்கையோடு 125-ஐ ஒட்டி, செர்மாட்டும் கோர்னர்கிராட்டும் சேர்ந்து 140, ரிகி 40, படகும் அக்கம்பக்கத்துப் பயணங்களும் 35. மொத்தம் 540 பிராங்க். இதே பயணத்தை டிராவல் பாஸில் போனால் 419-உடன் யுங்ஃப்ராவ்யோக்கின் மீதிக் கட்டணம், கோர்னர்கிராட்டின் பாதி, ஒன்பதாம் நாள் டிக்கெட் எல்லாம் சேர்ந்து 670-ஐத் தாண்டியது. யுங்ஃப்ராவ்யோக் ஒன்றே இந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு. அங்கே அரைக் கட்டண அட்டை வைத்திருப்பவர் பாதி கட்டுகிறார், டிராவல் பாஸ் வைத்திருப்பவர் முக்கால் கட்டுகிறார்.

மகளுக்கு இரண்டு வழியும் ஏறக்குறைய சமமாக வந்தன. அரைக் கட்டண அட்டையில் இளைஞர் விலை இல்லை, அதனால் அவளுக்கும் 120. டிராவல் பாஸில் இளைஞர் தள்ளுபடி உண்டு.

தாத்தா, பாட்டிக்கு யுங்ஃப்ராவ்யோக்கும் கோர்னர்கிராட்டும் இல்லை. பணத்தை மட்டும் பார்த்தால் அவர்களுக்கும் அரைக் கட்டண அட்டைதான்: சுமார் 350-க்குள் முடிந்துவிடும். டிராவல் பாஸ் எடுத்தால் ஒவ்வொருவருக்கும் 80, 90 பிராங்க் கூடுதல். இருவருக்கும் சேர்த்துப் பதினாறாயிரம் ரூபாய் பக்கம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெற்றோருக்கு அரைக் கட்டண அட்டை. மகனுக்கு ஃபேமிலி கார்டு. மகளுக்கு இளைஞர் டிராவல் பாஸ். தாத்தா, பாட்டிக்கு, கூடுதல் செலவு என்று தெரிந்தே, 8 நாள் டிராவல் பாஸ்.

கணவன் இதை ஏற்கத் தயங்கினார். ஒரே குடும்பத்தில் மூன்று வகையா, குழப்பம் வராதா என்பது ஒன்று. மலிவான வழி இருக்கும்போது ஏன் என்பது இன்னொன்று. நான் சொன்ன காரணம் இது. அரைக் கட்டண அட்டை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் செயலியைத் திறந்து, எங்கிருந்து எங்கே என்று தேர்ந்து, பணம் கட்ட வேண்டும். பெற்றோரிடம் ரோமிங் உள்ள கைபேசி இருக்கிறது, அவர்களால் முடியும். தாத்தாவிடம் அது இல்லை. அவர் கையில் டிராவல் பாஸை அச்சிட்டுக் கொடுத்தால், கடவுச்சீட்டோடு சேர்த்துக் காட்டினால் போதும். நினைத்த நேரத்தில் படகில் ஏறலாம், கால் வலித்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம், தன் மகனைக் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மலை மேல் இருக்கும் நாளில் அவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்றால், அந்த நாளுக்கான விலை இந்த 80 பிராங்க். வயதானவர்களுக்குப் பாஸ் தேர்ந்தெடுக்கும்போது மலிவு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

மகளுக்கும் இதே தர்க்கம். விலை சமமாக இருக்கும்போது, தாத்தா பாட்டியோடு எந்த ரயிலிலும் உடனே ஏறக்கூடிய ஒருத்தி குடும்பத்தில் இருப்பது நல்லது.

முன்கூட்டி வாங்கியது மிகக் குறைவு. ஒன்பதாம் நாள் லூசெர்னிலிருந்து விமான நிலையம் போகும் பயணத்துக்கு மட்டும் சேவர் டிக்கெட். இவை குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும், பணம் திரும்பாது, ஆனால் முன்பே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். விமான நேரம் மாறாதது என்பதால் அங்கே பொருந்தியது. செர்மாட்டுக்கும் முன்பே எடுத்தால் மலிவாகக் கிடைத்திருக்கும். வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய நாளுக்கு மாற்ற முடியாத டிக்கெட் வாங்கினால், மழையிலும் போயே தீர வேண்டும் என்று ஆகிவிடும் என்பதால் விட்டோம்.

பயணத்தில் நடந்தவை

முதல் நாள் சூரிக் விமான நிலையத்திலிருந்து பெர்னும் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையமும் வழியாக லவுட்டர்புருன்னன். மழை. இரண்டாம் நாளும் மழை. பெற்றோர் பள்ளத்தாக்கிலேயே இருந்தார்கள், அருவியைப் பார்த்தார்கள், கடையில் காய்கறி வாங்கிச் சமைத்தார்கள். தாத்தாவும் பாட்டியும் மட்டும் மதியம் வெங்கன் போய் வந்தார்கள். 1,274 மீட்டரில் கார் நுழையாத கிராமம் அது. பல்சக்கர ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. பாஸில் அடங்கிய பயணம் என்பதால் மழை விட்ட இடைவெளியில் சும்மா கிளம்பினார்கள். அரைக் கட்டண அட்டை இருந்திருந்தால் “மழையில எதுக்குக் காசு” என்று கிளம்பியிருக்க மாட்டார்கள் என்று பாட்டியே பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் மேகம் சற்று விலகியது. மறுநாள் காலை தெளியும் என்று வானிலை அறிக்கை சொன்னது. யுங்ஃப்ராவ்யோக்குக்கு இருக்கை பதிவு செய்துவிட்டு, பெற்றோர் ட்ரூமெல்பாக் அருவிக்கு நடந்து போனார்கள். பிள்ளைகள் இருவரும் தாத்தா பாட்டியோடு பிரியன்ஸ் ஏரிப் படகுக்குப் போனார்கள். இங்கே ஒரு சிக்கல். மகனுடைய ஃபேமிலி கார்டு அம்மாவோ அப்பாவோ கூட இருந்தால்தான் செல்லும். தாத்தா பாட்டி கணக்கில் வரமாட்டார்கள், அக்காவும் வரமாட்டாள். மகள் படகுத்துறையில் கேட்டதால் இது தெரிந்தது; மகனுக்குச் சிறுவர் டிக்கெட் வாங்கினார்கள், பெரியவர் கட்டணத்தில் பாதி. லவுட்டர்புருன்னனிலிருந்து இன்டர்லாக்கன் வரை அவன் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. திரும்பும்போது அவனுக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு மலையின் நேரலைக் காமிராவைப் பார்த்தார்கள். பனிமேடு வெயிலில் தெரிந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் வெங்கன், கிளைன ஷைடெக் வழியாக மேலே போனார்கள். 1912-ல் திறந்த இந்தத் தடத்தின் பெரும்பகுதி ஐகர், மோன்ஷ் மலைகளுக்குள் குடைந்த சுரங்கம். ஏறும் வழியில் ஐஸ்மேர் நிறுத்தத்தில் ரயில் சில நிமிடம் நிற்கும். அங்குள்ள கண்ணாடி வழியே பனியாற்றைப் பார்க்கலாம். உச்சியில் அவர்களுக்கு அலெட்ச் பனியாறு முழுதாகத் தெரிந்தது. முற்பகல் தாண்டியதும் மேகம் ஏறி எல்லாம் வெள்ளையானது. இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் ஒன்றும் பார்த்திருக்க முடியாது. மனைவிக்கு லேசான தலைவலி, மகனுக்கு ஒன்றுமில்லை. இறங்கும்போது ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் கிரிண்டல்வால்ட் வந்தார்கள்.

அதே நாள் தாத்தாவும் பாட்டியும் இன்டர்லாக்கனில் சுற்றிவிட்டு மாலை ரயிலில் திரும்பினார்கள். இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து கிளம்பும் அந்த ரயில் ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னன் போகும், மறுபாதி கிரிண்டல்வால்ட். எந்தப் பெட்டி எங்கே போகும் என்று நடைமேடையிலும் பெட்டியிலும் எழுதியிருக்கும். முன்பெல்லாம் மகள் பார்த்துச் சொல்லியிருந்தாள். அன்று இவர்கள் கூட்டத்தில் காலியாகக் கண்ட பெட்டியில் ஏறிவிட்டார்கள். பிரிந்தபின் பள்ளத்தாக்கு வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தது பாட்டி. டிக்கெட் பார்க்க வந்தவர் பாஸைப் பார்த்தார், தலையாட்டினார், கிரிண்டல்வால்ட் போய்த் திரும்பும் ரயிலில் ஸ்வைலூட்ஷினனில் மாறும்படி கையால் காட்டிச் சொன்னார். அந்தத் தடமும் பாஸில் அடங்கும். லவுட்டர்புருன்னனுக்கு மட்டும் டிக்கெட் வைத்திருந்தால், தவறான தடத்தில் டிக்கெட் இல்லாத பயணி என்ற நிலையில் மொழி தெரியாமல் நின்றிருப்பார்கள். அவர்களோ கிரிண்டல்வால்டில் இறங்கி, காபி குடித்து, ஐகரின் வடக்குச் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த ரயிலுக்கு வந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய நால்வர் முன்பே வீடு சேர்ந்து, இவர்களைக் காணாமல் ஒரு மணி நேரம் தவித்துப்போனார்கள். கைபேசித் தொடர்பு இல்லாததுதான் அங்கே பெரிய குறை.

ஐந்தாம் நாள் செர்மாட்டுக்கென்று வைத்த நாள். முந்தைய இரவே அங்குள்ள காமிராக்களில் சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது, காலையிலும் அப்படியே. ஐந்தரை மணி நேரம் ரயிலில் இருந்து, 100 பிராங்கைத் தாண்டும் கோர்னர்கிராட்டுக்குப் பாதிக் கட்டணமும் கட்டி, மேகத்தைப் பார்க்க வேண்டாம் என்று கைவிட்டார்கள். பதிலாக பெர்ன் நகரம். கூரையிட்ட பழைய நடைவழிகள் அங்கே நீளமாக இருப்பதால் மழையிலும் நடக்க முடிந்தது. மகள் மட்டும் செர்மாட்டிலிருந்து தெரியும் மட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்காததில் மனம் உடைந்து, அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

ஆறாம் நாள் புரூனிக் கணவாய் வழியாக லூசெர்ன். இந்தத் தடத்துக்குத் தனி முன்பதிவு கட்டாயமில்லை. ஏரிகள், பல்சக்கர ஏற்றம், மைரிங்கனில் ரயில் திசை திரும்புவது என்று இரண்டு மணி நேரம் ஜன்னலை விட்டு யாரும் நகரவில்லை. கிளேசியர் எக்ஸ்பிரஸை விட்டதில் வருத்தமாக இருந்த மனைவிக்கு இது பெரிய ஆறுதல்.

ஏழாம் நாள் ரிகி. ஆறு பேரும் சேர்ந்து ஏறிய ஒரே மலை அதுதான். படகில் ஃபிட்ஸ்னாவ் வரை போய், அங்கிருந்து 1871-ல் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயிலில் ஏறினார்கள். உச்சி 1,798 மீட்டர்தான். தாத்தாவுக்கு மூச்சு வாங்கவில்லை. எட்டாம் நாள் லூசெர்னில் ஓய்வு, ஒன்பதாம் நாள் விமான நிலையம்.

செலவுக் கணக்கு

செர்மாட் விடுபட்டதால் பெற்றோருக்குத் தலைக்கு 440 பிராங்கை ஒட்டி முடிந்தது. டிராவல் பாஸில் இதே பயணம் 600-ஐத் தாண்டியிருக்கும். இருவருக்கும் சேர்த்து 320 பிராங்குக்குக் குறையாமல் மிச்சம், ஏறக்குறைய 29,000 ரூபாய். மகளுடைய கணக்கு மாறிப்போனது: செர்மாட் இல்லாததால் அரைக் கட்டண அட்டைதான் அவளுக்கு 50 பிராங்க் அளவில் மலிவாக இருந்திருக்கும். தாத்தா, பாட்டிக்கு எதிர்பார்த்தபடி 80, 90 பிராங்க் கூடுதல். அந்தக் கூடுதல் பணத்தைப் பற்றிக் கணவன் பிறகு பேசவில்லை. கிரிண்டல்வால்ட் மாலைக்குப் பிறகு பேச ஒன்றுமில்லை என்றார்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

தாத்தா பாட்டிக்கு ஒரு உள்ளூர் சிம் கார்டு. பாஸுக்கு இவ்வளவு யோசித்த இடத்தில் இதையும் சேர்த்திருக்க வேண்டும். அதோடு, ரயில் பிரியும் நிலையத்தின் பெயரையும் ஏற வேண்டிய பாதியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒரு தாள்.

பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் பிரிந்து போகும் நாள்களை முன்பே குறித்து, அந்த நாள்களுக்குச் சிறுவர் டிக்கெட்டைச் செலவில் எழுத வேண்டும். படகுத்துறையில் கேட்காமல் விட்டிருந்தால் வழியில் அபராதத்தில் முடிந்திருக்கும்.

மகளுடைய பாஸை விலை அடிப்படையில் மாற்ற மாட்டேன். ஆனால் செர்மாட்டைப் பற்றிய முடிவை மாற்றுவேன். மே மாதத்தில் ஒரே ஒரு நாளை நம்பி மட்டர்ஹார்னை வைப்பது போதாது. அந்த மலைதான் முக்கியம் என்று வீட்டில் ஒருவராவது சொன்னால், லூசெர்னில் ஓர் இரவையும் லவுட்டர்புருன்னனில் ஓர் இரவையும் குறைத்து, செர்மாட்டிலேயே இரண்டு இரவு தங்கிக் காலை வானத்துக்காகக் காத்திருக்க வேண்டும். செர்மாட் 1,600 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கோர்னர்கிராட் ஏறாமல் ஊரிலேயே இருக்க தாத்தாவுக்கும் தடையில்லை. ஆனாலும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.